தகவல் சொன்னவர் மீது வழக்கு வராது என்று அரசு சொல்லட்டும்

மாஞ்சா நூலில் இறக்கை அறுபட்ட கூகை மொட்டைமாடியில் கிடக்கிறது. தெருநாய்களிடம் கடிபட்ட மரநாய் கொல்லைப்புறத்து விறகுக் குவியலில் ஒளிகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு இரக்கம் வராமல் இல்லை. யாரைக் கூப்பிடுவது என்றுதான் தெரிவதில்லை. தெரிந்தாலும், வனத்துறைக்குச் சொன்னால் நம் மீதே வழக்குப் பாயும் என்று அக்கம்பக்கத்தார் பயமுறுத்துகிறார்கள். கடைசியில் அந்த உயிர் அட்டைப்பெட்டிக்குள் ரகசியமாக வளர்கிறது, அல்லது தெருமுனையில் விடப்படுகிறது. தகவல் சொல்பவர் மீது வழக்கு வராது என்ற உறுதியை அரசு வெளிப்படையாகத் தர வேண்டும். அடிபட்ட உயிரை வாங்கிக்கொள்ள அருகிலேயே ஓர் இடமும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாத வரை விழிப்புணர்வுச் சுவரொட்டிகளால் பெரிய பயன் இருக்காது.

வனத்துறையினர் வருவதற்குள் அது செத்துவிடும், நாமே பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் வீட்டு வைத்தியமே பல உயிர்களைக் கொல்கிறது. பறவையின் மூச்சுக்குழல் நாக்கின் அடிப்பகுதியிலேயே திறக்கிறது. அலகைப் பிளந்து ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். பால் அதற்குச் செரிக்காது. அன்போடு தடவிக்கொடுப்பதும் ஆபத்துதான். மனிதக் கை பட்ட அச்சத்திலேயே தசைகள் சிதைந்து சாகும் விலங்குகள் உண்டு, குறிப்பாக மான்கள். காற்றுத் துளையிட்ட பெட்டி, இருட்டு, அமைதி: வீட்டார் தரக்கூடிய நல்ல முதலுதவி இவ்வளவே. குரங்கையும் மரநாயையும் வௌவாலையும் வெறுங்கையால் தொடவே கூடாது. கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதிக்காமல் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போக வேண்டும். இறகு முளைத்துத் தரையில் தத்தும் குஞ்சு பெரும்பாலும் அடிபட்டதே இல்லை. தாய் அருகிலிருந்தே இரை ஊட்டும். இதையெல்லாம் விவரம் தெரிந்த ஒருவர் தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம். கேட்பவருக்குப் பயம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தப் பயத்தைச் சட்டம் நேரடியாக உண்டாக்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, அரசின் உடைமையாகும் காட்டுயிர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ உரிய அதிகாரிக்கோ தெரிவிக்கச் சொல்கிறது. ஆனால் மக்கள் நினைவில் நிற்பது வேறு. உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில், 2022-இல் கால் முறிந்து வயலில் கிடந்த சாரசுக் கொக்கை ஒருவர் காப்பாற்றினார். ஓராண்டுக்கும் மேலாக அது அவருடனேயே சுற்றியது. 2023 மார்ச்சில் வனத்துறை அதை எடுத்துச் சென்றது. கொக்கு கான்பூர் உயிரியல் பூங்காவில் அடைபட்டது, காப்பாற்றியவர் மீது வழக்குப் பதிவானது. காட்டுப் பறவையை வீட்டுப் பழக்கத்துக்கு ஆளாக்கியது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த எத்தனையோ பேர், எதையும் தூக்காமல் விலகிப் போவதே மேல் என்று முடிவெடுத்திருப்பார்கள்.

விலக்கு அளித்தால் கிளி வளர்ப்பவர்களும் ஆமை விற்பவர்களும் அதில் ஒளிந்துகொள்வார்கள் என்பது வலுவான எதிர்வாதம். 48 மணி நேரக் கெடுவே அதற்குப் பதில். கெடுவுக்குள் சொன்னவரையும், மாதக்கணக்கில் கூண்டில் வைத்துவிட்டுப் பிடிபட்டதும் கதை சொல்பவரையும் பிரித்தறிவது கடினமில்லை. இயற்கையின் போக்கில் விட்டுவிடலாமே என்பாரும் உண்டு. மாஞ்சா நூலும் மின்கம்பியும் விரையும் லாரியும் இயற்கையின் போக்கா? செயற்கை மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இலேயே தடை செய்துவிட்டது. நம்மால் வந்த காயத்துக்கு நாம்தான் பொறுப்பு.

வனத்துறையில் ஆட்கள் போதாது என்பது உண்மை. பாம்பு வந்தால் இன்றும் பல ஊர்களில் தீயணைப்பு நிலையத்தைத்தான் அழைக்கிறோம். கேரளம் 2020-இல் பாம்பு பிடிப்போருக்குப் பயிற்சியையும் சான்றிதழையும் கட்டாயமாக்கி, அவர்களைப் பொதுமக்கள் செயலி வழியே அழைக்க வழி செய்தது. இங்கே மாடு, ஆடு வளர்ப்போர் அழைக்க 1962 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. மாவட்டந்தோறும் கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. அவற்றில் காட்டுயிருக்கென ஒரு தனி அறையும், அதற்கெனப் பயிற்சி பெற்ற மருத்துவரும் வேண்டும். கொண்டுவருபவர் கையில், ஒப்படைத்த நேரத்தைக் குறித்து, அவர் மீது நடவடிக்கை இல்லை என்று அச்சிட்ட ஒப்புகைச் சீட்டு ஒன்றும் தரப்பட வேண்டும்.