இந்தோனேசியா கதவைச் சாத்தினால் இங்கே இஎம்ஐ ஏன் ஏறுது? எண்ணெய் சொல்லும் விலைவாசிக் கதை

டீக்கடையில் வடை விலை ஏறினால் திட்டு வாங்குவது கடைக்காரர்தான். ஆனால் அந்த விலையை ஏற்றிவிட்டவர்களில் ஒருவர் ஜகார்த்தாவில் இருக்கலாம், இன்னொருவர் டெல்லியில் இருக்கலாம்.

“உலகமயமாக்கலால்தான் விலைவாசி ஏறிப்போச்சு” என்பார்கள் சிலர். “இறக்குமதி மட்டும் இல்லைன்னா இன்னும் ஏறியிருக்கும்” என்பார்கள் வேறு சிலர். ரெண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதியைப் புரிந்துகொள்ள சமையல் எண்ணெயைப் பார்த்தாலே போதும்.

எங்கிருந்து வருகிறது எண்ணெய்?

இந்தியா பயன்படுத்தும் சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் இறக்குமதிதான். பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்தும், சோயா எண்ணெய் அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்தும், சூரியகாந்தி எண்ணெய் ரஷ்யா, உக்ரைனிலிருந்தும் வருகிறது.

எப்போதும் இப்படி இல்லை. 1990-களின் தொடக்கத்தில் இந்தியா எண்ணெயில் கிட்டத்தட்ட தன்னிறைவு பெற்றிருந்தது. அதன்பிறகு இறக்குமதிக்குக் கதவு திறந்தது, மலிவான பாமாயில் வந்து குவிந்தது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைப்பதும் பாமாயில்தான். நல்ல காலத்தில் வர்த்தகம் விலையைப் பிடித்துவைக்கும் என்பதற்கு இதுவே சாட்சி. நிலக்கடலையும் சூரியகாந்தியும் போட்ட விவசாயிக்கு இதனால் கிடைத்த அடி தனிக்கதை.

சரி, கெட்ட காலத்தில்?

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் வெடித்தது. சூரியகாந்தி எண்ணெய் வரத்து அடிபட்டது. எல்லோரும் பாமாயில் பக்கம் திரும்பிய நேரத்தில், உள்நாட்டு விலையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஏப்ரல் 28 அன்று பாமாயில் ஏற்றுமதிக்கு இந்தோனேசியா தடை போட்டது. மே 23-ல் தடை நீங்கிவிட்டது. நாலு வாரம்கூட நீடிக்காத அந்தத் தடை, ஏற்கெனவே உச்சத்தில் இருந்த சந்தையை மேலும் பதறவைத்தது.

அந்த ஏப்ரலில் இந்தியாவின் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதம். எண்ணெய் மட்டும் காரணமல்ல. பெட்ரோலியம், கோதுமை என்று பல பொருட்கள் சேர்ந்து ஏற்றியது அது. ரிசர்வ் வங்கியின் உச்சவரம்போ 6 சதவீதம்தான். மே 4 அன்று வங்கி அவசரமாக ரெப்போ வட்டியை 4-லிருந்து 4.40 சதவீதமாக உயர்த்தியது. 2023 பிப்ரவரிக்குள் அது 6.50 ஆனது. வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கு இஎம்ஐ எகிறியது, இல்லையென்றால் தவணைக் காலம் நீண்டது. வட்டியை எவ்வளவு உயர்த்தினாலும் சுமத்ராவில் ஒரு பனைமரம்கூடக் கூடுதலாகக் காய்க்காது. ஆனாலும் கட்டியது நம்ம ஆளுங்கதான்.

ஏற்றுமதித் தடை போடுவது இந்தோனேசியா மட்டுமல்ல. அதே 2022 மே மாதத்தில் கோதுமை ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது. 2023 டிசம்பரில் வெங்காயத்துக்கும் தடை போட்டது. அப்போது பக்கத்து நாடுகளின் சமையலறையில் விலையை ஏற்றிய ‘ஜகார்த்தா’ டெல்லிதான்.

டெல்லியின் கையில் இருக்கும் திருகு

உலக விலை நம் கையில் இல்லை. இறக்குமதி வரி இருக்கிறது. 2024 செப்டம்பரில், தீபாவளிக்கு ஒன்றரை மாதம் முன்பு, கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கான அடிப்படைச் சுங்கவரி பூஜ்யத்திலிருந்து ஒரே போடாக 20 சதவீதமானது. சோயா விவசாயிக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலைகூடக் கிடைக்கவில்லை என்பதால் வந்த முடிவு அது, காரணம் நியாயமானதுதான். கடைகளில் எண்ணெய் விலை ஏறியதும், 2025 மே இறுதியில் வரி 10 சதவீதமாகக் குறைந்தது. அதாவது, அடுத்த சோயா விதைப்பு தொடங்கும் நேரத்தில்!

எட்டு மாதத்தில் விவசாயிக்கு ஒரு சமிக்ஞை, நுகர்வோருக்கு ஒரு சமிக்ஞை. இதை நம்பி யார் எண்ணெய் வித்து போடுவார்கள்?

இன்னொரு சிக்கலும் உண்டு. விலை லிஃப்டில் ஏறும், படிக்கட்டில்தான் இறங்கும். 2022 ஜூலையில் உலகச் சந்தையில் விலை சரிந்தபோதுகூட, பாக்கெட் விலையைக் குறைக்கச் சொல்லி எண்ணெய் நிறுவனங்களை மத்திய உணவுத் துறை கூப்பிட்டுப் பேச வேண்டியிருந்தது.

என்ன செய்யலாம்?

கதவை மூடுவது தீர்வல்ல. பாதிக்கும் மேல் வெளியிலிருந்து வரும் பொருளுக்குக் கதவை மூடினால் முதலில் அடி வாங்குவது ரேஷன் கார்டுதாரர்தான். சும்மா திறந்தே போட்டுவைப்பதும் தீர்வல்ல. இந்தோனேசியா தன் டீசலில் பாமாயில் எரிபொருளைக் கலக்கும் அளவை 2025-ல் 40 சதவீதமாக்கியிருக்கிறது. அங்கே வண்டிக்குப் போகும் எண்ணெய், இங்கே வாணலிக்கு வராது.

வரிக்கு ஒரு விதி வேண்டும். உலக விலை இந்த அளவுக்கு மேல் போனால் வரி குறையும், இதற்குக் கீழே வந்தால் உயரும் என்று விதைப்புக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும். வரிக் குறைப்பு எம்ஆர்பி-யில் எத்தனை நாளில் தெரிகிறது என்பதையும் அரசு வெளியிட வேண்டும். எண்ணெய்ப்பனைக்கு 11,040 கோடி, எண்ணெய் வித்துக்களுக்கு 10,103 கோடி ரூபாய் என்று தேசிய இயக்கங்கள் இருக்கின்றன. ஆனால் விளைந்ததற்கு விலை கிடைக்கும் என்று தெரியாமல் எந்த விவசாயியும் மானியத்துக்காக மட்டும் பயிரை மாற்ற மாட்டார்.

ஜகார்த்தாவின் முடிவை நம்மால் தடுக்க முடியாது. டெல்லியின் முடிவாவது முன்கூட்டியே தெரிந்தால், விவசாயியும் டீக்கடைக்காரரும் இஎம்ஐ கட்டுபவரும் கொஞ்சம் தயாராக இருப்பார்கள்.