அசதிக்கு நீலச் சொட்டு வேண்டாம்

ஒளி பட்டதும் உடலின் செல்களில் ஆற்றல் பெருகும் என்று சொல்லி, மெத்திலீன் நீலத்தையும் பச்சையச் சொட்டையும் இணையத்தில் விற்கிறார்கள். தண்ணீரில் சில துளி விட்டுக் குடித்து, வெயிலிலோ சிவப்பு விளக்கின் முன்போ நின்றால் அசதி போய்விடும் என்கிறார்கள். புதுச்சேரியின் பாகூரில் நடவு நடும் பெண்ணிடமும், வில்லியனூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் இரவுப்பணி பார்க்கும் இளைஞரிடமும் கைப்பேசி இருக்கிறது. இந்த விளம்பரம் அவர்களையும் எட்டிவிடும் என்ற கவலைதான் எங்களை எழுத வைக்கிறது.

இதன் பின்னால் அறிவியலே இல்லை என்று சொல்ல மாட்டோம். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், பச்சையத்திலிருந்து உண்டாகும் பொருள் கலந்த எலியின் மைட்டோகாண்ட்ரியா, ஒளி பட்டபோது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைக் கூடுதலாகத் தயாரித்தது. ஆனால் அது ஆய்வகத்தில் கண்டது. மனித உடலுக்குள் சிவப்பு ஒளிகூடச் சில மில்லிமீட்டரிலேயே பெரிதும் மங்கிவிடுகிறது. உழைத்துக் களைத்தவரின் சோர்வு இதனால் தீரும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை.

மெத்திலீன் நீலம் 1876-இல் உருவான சாயம். 1891-இல் பால் எர்லிக் அதை மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும் மெத்தீமோகுளோபினீமியாவுக்கு இன்றும் மருத்துவமனைகளில் அளவு பார்த்து ஊசி வழியே ஏற்றுகிறார்கள். அதே பொருள், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2011-இல் எச்சரித்தது. ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். அந்தக் குறை தமக்கிருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. ஆய்வகச் சாயமாக விற்பது குடிப்பதற்கானதே அல்ல.

பெரிய கேடு வேறொன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி புதுச்சேரியில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. கை கால் அசந்துபோவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். சர்க்கரையோ தைராய்டோகூட இருக்கலாம். சொட்டை நம்பிக் காத்திருக்கும் மாதங்களில் நோய் முற்றும்.

மருந்து பற்றிப் பொய் விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். உணவுப் பொருள் என்ற பெயரில் விற்றாலும், தவறான விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. புதுச்சேரி அரசு புகாருக்குக் காத்திராமல் நடவடிக்கை எடுக்க வேண்டும். வீடு வீடாக வரும் ஆஷா பணியாளர்களிடம் இந்த எச்சரிக்கையைக் கொடுத்தனுப்ப வேண்டும்.

அசதி விடாதவர்கள் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீயோடு சேர்க்காமல் விழுங்குங்கள். ஏற்கெனவே இந்தச் சொட்டைக் குடித்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.