சோல் ஜாஸைத் தவிர்த்த ஜாஸ் பட்டியல்

ஜாஸ் கேட்கத் தொடங்க விரும்பும் மாணவர்களுக்கென்று பத்து ஆல்பங்களின் பட்டியல் ஒன்று சில நாள்களாக ஆய்வாளர் குழுக்களில் பகிரப்பட்டு வருகிறது. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, ஜான் கோல்ட்ரேனின் ‘அ லவ் சுப்ரீம்’ முதலிய தெரிவுகளில் எனக்கு முரண்பாடு ஏதுமில்லை. ஆனால் அப்பட்டியலில் சோல் ஜாஸ் ஆல்பம் ஒன்றுகூட இல்லை. ஃபியூஷனுக்கு டேவிஸின் ‘பிட்சஸ் ப்ரூ’ ஒன்றோடு கதவு அடைக்கப்பட்டுவிட்டது. காரணம் வினவியபோது, சோல் ஜாஸ் என்பது காப்பிக் கடைகளின் பின்னணி இசை என்றும், ஃபியூஷன் என்பது ஜாஸ் சந்தைக்கு விலைபோன கதை என்றும் விடை வந்தது. துணைக்கு அடோர்னோவும் அழைக்கப்பட்டார். இவ்விடை வரலாற்றளவில் பிழையானது. அடித்தள மக்களின் பண்பாட்டைப் பற்றி ஆய்வேடு எழுதும் நம்மிடமிருந்தே அது வருவது வெட்கத்துக்குரியதும்கூட.

முதலில் வரலாறு. ஹாமண்ட் ஆர்கன் 1935இல் விற்பனைக்கு வந்தபோது, குழாய் ஆர்கன் வாங்க வசதியற்ற தேவாலயங்களே அதன் முக்கிய வாடிக்கையாளர்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் ஒலித்த அக்கருவி, 1950களில் ஃபிலடெல்ஃபியா, நியூவார்க், சிகாகோ போன்ற நகரங்களில் அம்மக்கள் வாழ்ந்த பகுதிகளின் மதுவிடுதிகளுக்குள் நுழைந்தது. இடக்கையும் கால்மிதிகளும் பேஸ் பகுதியை வாசித்துவிடும் என்பதால் தனியே ஒரு பேஸ் கலைஞர் வேண்டியதில்லை. ஆர்கன், கிதார், ட்ரம்ஸ் என மூவரைக் கொண்டே ஒரு சிறு விடுதி இரவு முழுவதும் இசை நடத்தலாம். வறுமையும் வழிபாடும் சேர்ந்து உருவாக்கிய வடிவம் இது. ஜிம்மி ஸ்மித்தின் 1959ஆம் ஆண்டு ஆல்பத்துக்குப் பிரசங்கம் என்று பொருள்படும் ‘த செர்மன்’ என்ற பெயர் அமைந்தது தற்செயலன்று. அதன் தலைப்புப் பாடல் ஏறத்தாழ 20 நிமிடங்கள் நீள்கிறது. எளிய ப்ளூஸ் அமைப்பொன்றின் மீது ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசுகிறார்கள். அவசரம் எவருக்கும் இல்லை. இதைப் பின்னணி இசை என்பவர் அந்த 20 நிமிடங்களும் அமர்ந்து கேட்டவராக இருக்க முடியாது.

அடுத்து அடோர்னோ. ஜாஸ் பற்றிய அவரது புகழ்பெற்ற கட்டுரை 1936இல் வெளிவந்தது. ஸ்மித்தின் முதல் ஆல்பம் வந்தது 1956இல். பெரும்பாலும் ஐரோப்பிய நடன அரங்குகளின் இசையை முன்வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையை, அவ்விசையோடு தொடர்பற்ற ஆர்கன் விடுதிகளின் மீது அப்படியே பொருத்துவது ஆய்வு முறையாகுமா? ராம்ஸி லூயிஸ் மூவரின் ‘தி இன் கிரவுட்’ 1965இல் வாஷிங்டனின் பொஹீமியன் கேவர்ன்ஸ் விடுதியில் பதிவானது. அதன் தலைப்புப் பாடல் அமெரிக்க வெகுசனப் பாடல் தரவரிசையில் ஐந்தாம் இடம்வரை ஏறியது. விற்றது என்பது உண்மை. ஆனால் அப்பதிவில் கேட்போரின் கைதட்டலும் ஆரவாரமும் தாளத்தின் ஓர் அங்கமாகவே நிற்கின்றன. பியானோ ஒரு சொற்றொடரை எறிகிறது; அரங்கு விடையளிக்கிறது. தேவாலயத்தில் போதகரும் சபையும் பேசிக்கொள்ளும் அதே முறை. இவர்களையா செயலற்ற நுகர்வோர் என்கிறோம்?

சோல் ஜாஸை நீக்கினால் ஃபியூஷனும் புரியாமல் போகும். ஜாஸோடு ராக் கலந்ததும் ஃபியூஷன் பிறந்தது என்பது பாடநூல் வாய்பாடு. 1966இல் பதிவான கேனன்பால் ஆடர்லியின் ‘மெர்ஸி, மெர்ஸி, மெர்ஸி!’ ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். சிகாகோ விடுதி ஒன்றில் பதிவானது என்று அதன் உறை கூறினாலும், உண்மையில் அது ஹாலிவுட் ஒலிப்பதிவுக் கூடத்தில் அழைக்கப்பட்ட பார்வையாளர் முன் பதிவானது. சந்தையின் அந்தப் பொய்யை மறைக்க வேண்டியதில்லை. அதன் தலைப்புப் பாடலை இயற்றி மின்பியானோவில் வாசித்தவர் வியன்னாவில் பிறந்த ஜோ ஸாவினுல். இவரே பின்னர் டேவிஸ் பதிவுசெய்த ‘இன் அ சைலண்ட் வே’ பாடலை எழுதினார், ‘பிட்சஸ் ப்ரூ’வில் வாசித்தார், 1970இல் வெய்ன் ஷார்ட்டருடன் வெதர் ரிப்போர்ட் குழுவைத் தொடங்கினார். பட்டியலில் இடம்பெற்ற ஆல்பத்தின் ஒரு வேர் பட்டியல் ஒதுக்கிய இசையில் இருக்கிறது.

இன்னும் தெளிவான சான்று டோனி வில்லியம்ஸின் லைஃப்டைம் குழு 1969இல் வெளியிட்ட ‘எமர்ஜென்ஸி!’. ஃபியூஷனின் தொடக்கப் பதிவுகளுள் ஒன்று. ட்ரம்ஸில் வில்லியம்ஸ், கிதாரில் ஜான் மெக்லாஃப்லின், ஆர்கனில் நியூவார்க்கின் லாரி யங். அதாவது, மதுவிடுதியின் அதே மூவர் அமைப்பு! ஒலிப்பதிவு கரடுமுரடானது, இசையும் அப்படியே. ராக்கின் மின்னொலி அங்கே புகுந்தபோது, அதற்கு இடம் கொடுத்த வீடு ஆர்கன் விடுதி.

அரசியல் இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு லெஸ் மெக்கானும் எடி ஹாரிஸும் 1969இல் மான்ட்ரூ விழாவில் பதிவுசெய்த ‘ஸ்விஸ் மூவ்மென்ட்’ போதுமான விடை. முறையான ஒத்திகையின்றி மேடையேறியவர்கள் வாசித்த ‘கம்பேர்ட் டு வாட்’, வியட்நாம் போரை நேருக்கு நேர் கேள்வி கேட்கும் பாடல். மக்கள் ஆடிக்கொண்டே கேட்டார்கள் என்பதால் அதன் எதிர்ப்பு குறைந்துவிடவில்லை. மற்றொன்றும் கவனத்துக்குரியது. நம் பட்டியலின் பத்து தலைவர்களும் ஆண்கள். ஆர்கன் மரபிலோ ஷெர்லி ஸ்காட் தம் பெயரில் குழு நடத்தினார். அவரது ‘குவீன் ஆஃப் தி ஆர்கன்’ ஆல்பத்தைக் கேட்டால், ஒதுக்கப்பட்டது எது என்பது விளங்கும்.

இதனால் இவ்விசை முழுவதும் குறையற்றது என்று நான் வாதிடவில்லை. விற்ற வெற்றியை நகலெடுத்த சலிப்பூட்டும் ஆர்கன் பதிவுகள் ஏராளம். 1970களின் பிற்பகுதி ஃபியூஷனில் விரல் வேகமே இசையாகிப்போன ஆல்பங்களும் உண்டு. ஹெர்பி ஹான்காக்கின் ‘ஹெட் ஹன்டர்ஸ்’ (1973) எனக்கு மிக விருப்பமானது. சிகாகோ தெருக்களின் தர்ப்பூசணி வண்டிக்காரரை எண்ணி 1962இல் அவர் எழுதிய பாடல் அதில் புது உருவம் பெறுகிறது. ஆனால் அதன் முகப்பில் புட்டியை ஊதி எழுப்பப்படும் ஒலி மத்திய ஆப்பிரிக்கக் காட்டுவாழ் மக்களின் இசையிலிருந்து எடுக்கப்பட்டது. அம்மக்களுக்கு அதனால் எதுவும் கிட்டவில்லை. மானுடவியலாளர் ஸ்டீவன் ஃபெல்ட் இது குறித்து விரிவாக எழுதியிருக்கிறார். இத்தகைய கூர்மையான விமர்சனம் கேட்டவர்களிடமிருந்தே பிறக்கும். கேட்காமல் ஒதுக்குவது விமர்சனமாகாது.

இந்தியாவில் இருக்கும் நமக்கு இது அயலார் வழக்குமன்று. மெக்லாஃப்லின் எல். சங்கர், ஜாகிர் உசேன் ஆகியோருடன் அமைத்த ‘சக்தி’ குழுவின் முதல் ஆல்பம் 1976இல் வந்தது. கர்நாடகக் கச்சேரியில் கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கத்துக்கு அடுத்த இடமே அதற்கு. அக்குழுவில் விக்கு விநாயக்ராமின் கடம் தபலாவோடு நேர்நின்று உரையாடுகிறது. வரிசைமுறைகள் இயற்கையானவை அல்ல என்பதைக் காதால் அறிய இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது.

ஆகவே தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை இது: ‘த செர்மன்’, ‘தி இன் கிரவுட்’, ‘குவீன் ஆஃப் தி ஆர்கன்’, ‘மெர்ஸி, மெர்ஸி, மெர்ஸி!’, ‘ஸ்விஸ் மூவ்மென்ட்’, ‘எமர்ஜென்ஸி!’, ‘ஹெட் ஹன்டர்ஸ்’, ‘சக்தி’. இதே வரிசையில் கேளுங்கள். பிறகு ‘பிட்சஸ் ப்ரூ’வுக்குத் திரும்புங்கள், அது வேறாக ஒலிக்கும். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். கேட்டுவிட்டு வந்து மறுக்க வேண்டும் என்பது மட்டுமே என் கோரிக்கை.