பாதி விலை இஃப்தாரும் முழுக் கணக்கும்



நோன்பு பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் நம்மூர் வாட்ஸ்அப் குழுமங்களில் கொழும்பு நட்சத்திர ஹோட்டல்களின் இஃப்தார் விளம்பரங்கள் வரிசையாக வரத் தொடங்கிவிட்டன. இந்த வங்கியின் கடனட்டைக்கு ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம், அந்த வங்கியின் அட்டைக்கு 30 சதவீதக் கழிவு, திங்கள் முதல் வியாழன் வரை மட்டும். கீழே உடனே ஒருவர் கேட்கிறார்: "யாருக்கிட்ட அந்தக் கார்ட் இரிக்கி? வேன் ஒன்னு போடுவமா?"

போன வருடம் ஸ்டாஃப் ரூமில் இதைப் பற்றி வாய் திறந்தேன். "சேருக்குப் பொறாமை" என்றார்கள். சரி, பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை மட்டும் பாருங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரிய ஹோட்டலில் சாப்பிடுவது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. வருடம் முழுக்க அடுப்படியில் நிற்கும் நம் வீட்டுப் பெண்கள் ஒரு நாள் உட்கார்ந்து சாப்பிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? அதைக் குறை சொல்லும் ஆண்களில் பாதிப் பேர் சஹருக்கு ஒரு முட்டைகூடப் பொரித்தவர்கள் அல்ல. கையில் காசிருந்து, ஹலாலா என்று கேட்டுத் திருப்தியாகிப் போகிறவர்கள் போகட்டும். என் பேச்சு கழிவைப் பற்றியது. "கழிவு இருக்கிறது, அதனால் போகிறோம்" என்பவர்களைப் பற்றியது.

ஒரு தலைக்கு 8,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வாப்பா, உம்மா, மூன்று பிள்ளைகள். ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்றால் ஐந்து பேருக்கு இரண்டரைப் பேரின் காசு வராது, மூன்று பேரின் காசு வரும். 24,000 ரூபா. விளம்பரத்தில் விலைக்குப் பக்கத்தில் எறும்பு அளவில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் வற் வரியும் தனி. வற் 2022 ஆரம்பத்தில் 8 சதவீதம். அந்த வருடமே 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. 24,000 உடன் சேவைக் கட்டணம் 2,400. அந்த 26,400க்கு 18 சதவீத வரி 4,752. மொத்தம் 31,152 ரூபா. தலைக்கு 4,000 என்று நினைத்துக்கொண்டு வேன் ஏறியவர் 6,230 ரூபா கொடுத்துவிட்டு இறங்குகிறார். வேன் கூலி இதில் சேரவில்லை. இதை என் வகுப்பில் கரும்பலகையில் போட்டேன். சாதாரண தரப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் விடை சொன்னார்கள். அவர்களுடைய வாப்பாமாருக்குத்தான் இந்தக் கணக்கு வருவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த 31,152 ரூபாவைக் கையிலிருந்து கொடுக்கவில்லை, அட்டையில் தேய்க்கிறோம். மத்திய வங்கி 2023 ஓகஸ்டில் கடனட்டை வட்டிக்கு உச்சவரம்பு விதித்தது, வருடத்துக்கு 28 சதவீதம். அந்த வீதத்தில் மாதத்துக்கு ஏறக்குறைய 727 ரூபா வட்டி. பெருநாள் உடுப்பும் அதே அட்டையில், பாடசாலைச் சப்பாத்தும் அதே அட்டையில் என்றால், பில் வரும்போது "குறைந்தபட்சத் தொகை" என்ற கட்டத்தில் உள்ளதை மட்டும் கட்டிவிட்டு மூச்சு விடுகிறோம். வட்டி ஹராம் என்று குத்பாவில் தலையாட்டியவர், நோன்பு திறந்த பேரீச்சம்பழத்துக்கு ஹஜ் மாதம் வரை வட்டி கட்டுகிறார்.

"நான் அப்படி இல்லை சேர், மாத முடிவில் முழுதாகக் கட்டிவிடுவேன்" என்று நல்ல வசதியுள்ள ஒரு சகோதரர் சொன்னார். சந்தோஷம். அப்படியானால் அவருக்கு ஒரு கேள்வி. உங்களுக்கு விட்டுக்கொடுக்கும் காசை எடுக்க வங்கிக்கு இடம் எங்கே? ஹோட்டல்காரர் வார நாளில் வெறுமையாகக் கிடக்கும் கதிரைகளை நிரப்பப் பார்க்கிறார், அவர் ஒரு பங்கைச் சுமப்பார். வங்கி எதற்காகச் சுமக்கிறது? அட்டைக்கான வருடக் கட்டணம், கடைக்காரரிடம் எடுக்கும் தரகு, முழுதாகக் கட்ட முடியாதவரிடம் வாங்கும் வட்டி. கடனட்டை வியாபாரம் ஓடுவது இவற்றில்தான். நீங்கள் வட்டி கட்டவில்லை, உண்மை. ஆனால் உங்கள் இலவசத் தட்டில், குறைந்தபட்சத் தொகை கட்டிக்கொண்டிருக்கும் இன்னொருவரின் வட்டியும் கிடக்கிறது. அவர் உங்கள் மஹல்லாக்காரராகவே இருக்கலாம். கடனட்டை ஹலாலா ஹராமா என்பதை உலமாக்களிடம் கேளுங்கள், எனக்கு அந்தத் தகுதி இல்லை. நான் கேட்பது, காசு யாருடையது என்பதை மட்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மாதச் சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு அட்டை கிடைப்பது லேசில்லை. உப்பளத்தில் நாள் கூலிக்கு நிற்பவர், மீன் வாடியில் நிற்பவர், தையல் மெஷினை நம்பியிருக்கும் விதவை ஆகியோருக்குக் கழிவே இல்லை. அவர்கள் எப்போதாவது அந்த வாசலை மிதித்தால் முழு விலை. ஏற்கனவே வசதி உள்ளவருக்குப் பாதி விலை, இல்லாதவருக்கு முழு விலை. இதைத்தான் நாங்கள் "சுப்பர் ஒஃபர்" என்று ஷெயார் பண்ணுகிறோம்.

புத்தளத்திலிருந்து கொழும்பு 130 கிலோமீற்றர். லுஹரோடு புறப்பட்டால்தான் நோன்பு திறக்கப் போய்ச் சேரலாம். நண்பர் ஒருவரின் அழைப்பில் ஒரு முறை நானும் போனேன். பாங்கு சொன்னதும் சனம் பேரீச்சம்பழத்தைக் கடித்தபடியே ரைத்தா வரிசைக்கு ஓடியது. தொழ ஒதுக்கிய அறையில் இடம் தாராளமாக இருந்தது. இறால் இருந்த மூலையில்தான் நெரிசல். எங்களுக்குத் தண்ணீர் ஊற்றிய பையன் நோன்பாளி. ஒரு மிடறு குடித்துவிட்டு ஓடி ஓடி எங்கள் தட்டுகளை எடுத்தான். எடுத்த தட்டுகளில் பாதி சோறு அப்படியே இருந்தது. திரும்பி வரும்போது சிலாபம் தாண்டவில்லை, தராவீஹ் முடிந்திருக்கும்.

சாப்பாடு ருசிதான். பொய் சொல்ல மாட்டேன். வட்டிலப்பம் மட்டும் நம் ராத்தாமாரின் கையிடம் தோற்றது.

இதே ஆட்கள் நம்மூரில் எப்படி நடக்கிறார்கள் என்றும் பாருங்கள். சந்தியில் கொத்துக்கடை வைத்திருக்கும் நானா தட்டுக்கு 50 ரூபா கூட்டிவிட்டால், கள்ளன் என்று முகநூலில் பதிவு போடுகிறார்கள். அங்கே 2,400 ரூபா சேவைக் கட்டணத்துக்கு வாயைத் திறக்காதவர்கள், இங்கே ரோல்ஸுக்குள் இறைச்சி குறைந்துவிட்டதென்று சண்டை பிடிக்கிறார்கள். அந்த நானா கடனுக்கும் தருவார். வட்டி கேட்கமாட்டார். பள்ளிக் கஞ்சிக்கு அரிசி மூட்டை கேட்டுப் போனால் முதல் ஆளாகக் கொடுப்பதும் அவர்தான்.

இந்த வருடமும் வேன் போடுகிறவர்கள் போடுங்கள், தடுக்க நான் யார்? ஆனால் கமெண்டில் என்னைத் திட்ட வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹோட்டல் வாசலில் எடுத்த படத்தைப் போட வேண்டாம். பில்லையும், அடுத்த மாதம் வங்கியிலிருந்து வரும் அட்டைக் கணக்குச் சீட்டையும், இலக்கத்தை மறைத்துவிட்டு, பக்கத்தில் பக்கமாகப் போடுங்கள். அதன் பிறகு பேசுவோம்.