‘நோயிலும்’ என்ற ஒரு சொல்



திருமண நாளன்று பீடத்தின் முன் நின்று வாக்களிக்கும் மணமக்கள், இன்ப துன்பங்களோடு ‘நோயிலும்’ என்ற ஒரு சொல்லையும் சேர்த்தே சொல்லுகிறார்கள். மாலையும் பட்டும் அணிந்த அந்த வேளையில் அச்சொல்லின் எடையை உணர்ந்து உச்சரிப்பவர் மிகச் சிலரே. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரு பரிசோதனை முடிவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அதன் பொருள் முழுவதும் விளங்குகிறது. இம்மாதம் அந்த ஒரு சொல்லைப் பற்றியே சிந்திப்போம்.

புற்றுநோய் கண்ட மனைவிக்குக் கணவன் எவ்வாறு துணை நிற்பது என்பது நம் பொருள். கணவனுக்கு நோய் வந்தால் மனைவிக்கும் இக்கடமை உண்டு; ஆயினும் அதை அவளுக்கு நினைவூட்ட வேண்டிய தேவை நம் வீடுகளில் அரிதாகவே நேர்கிறது. மனைவி படுத்துவிட்டாலோ, அவளுடைய தாயோ தங்கையோ வரவழைக்கப்படுகிறார்கள். பணத்துக்கு அலைந்துவிட்டால் தன் கடமை முடிந்தது என்று கணவன் எண்ணிவிடுகிறான். ‘உடம்பு தேறட்டும்’ என்று சொல்லி அவளைப் பிறந்தகத்துக்கே அனுப்பிவிடுவதையும் பங்குப் பணியில் கண்டிருக்கிறோம். நம் நாட்டுப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். அதற்கடுத்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். இரண்டுமே பெண்கள் பிறரிடம் சொல்லக் கூசுகிற இடங்களில் தோன்றுபவை. அந்தக் கூச்சத்தைத் தாண்டி அவர்கள் பேசக்கூடிய ஒரே ஆண் கணவனே. அவனும் ஒதுங்கி நின்றால் அவர்கள் யாரிடம் போவார்கள்?

மறைக்கலாமா?

“சாமி, டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அவளிடம் கட்டி என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் தாங்கமாட்டாள். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.” பலிபூசை முடிந்ததும் சக்கிறீஸ்து வாசலில் இப்படிக் கேட்டுக்கொண்ட கணவர்கள் பலர். அவர்களுடைய நோக்கம் அன்பே என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அன்பு அவளுக்கு என்ன செய்கிறது என்பதை அமைதியாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

மருத்துவமனையின் பெயர்ப்பலகையில் ‘புற்றுநோய்’ என்று எழுதியிருக்கிறது. வரிசையில் பக்கத்தில் அமர்ந்திருப்பவளின் தலையில் முடியில்லை. ‘உனக்கு எத்தனையாவது கீமோ?’ என்று அவள் கேட்டும் விடுகிறாள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கும் அன்று மாலைக்குள் உண்மை விளங்கிவிடும். விளங்கியபின் அவளும் கணவனுக்காக ஒன்றும் அறியாதவள்போல் நடிக்கத் தொடங்குகிறாள். ஒரே கூரையின் கீழ் இருவரும் தனித்தனியாக அழுகிறார்கள். நோயைக் காட்டிலும் இத்தனிமை கொடியது.

உரிமையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தன் உடலுக்கு என்ன செய்யப்படுகிறது என்பதை அறிந்து சம்மதம் தெரிவிக்க வேண்டியவர் நோயாளியே. மயக்க மருந்தில் இருந்த ஒரு பெண்ணுக்காக அவளுடைய தாய் அளித்த சம்மதம் செல்லாது என்று 2008-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. தாயின் சம்மதமே போதாது என்றால், கணவனின் மௌனம் எப்படிப் போதும்?

அதற்காக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டும் என்பதன்று. ‘டாக்டர் சொன்னதையெல்லாம் தெரிந்துகொள்ள விரும்புகிறாயா?’ என்று முதலில் அவளையே கேளுங்கள். அடுத்த முறை இருவருமாக மருத்துவரின் முன் அமருங்கள். பிள்ளைகளிடமும் அவர்கள் வயதுக்கேற்ற சொற்களில் கூறுங்கள். கூறாவிட்டால், தான் குறும்பு செய்ததால்தான் அம்மாவுக்கு நோய் வந்தது என்று சிறு குழந்தை தனக்குள் முடிவு செய்துகொள்ளும்.

செவிகளை அடைக்க வேண்டிய இடங்கள்

செய்தி வெளியே தெரிந்தவுடன் வீட்டுக்குள் பல குரல்கள் நுழையும். ‘என்ன பாவம் செய்தாளோ’ என்பது ஒன்று. பிறவிக் குருடனைக் கண்டு சீடர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது, அவனும் பாவம் செய்யவில்லை, அவன் பெற்றோரும் செய்யவில்லை என்று ஆண்டவர் அதை மறுத்துவிட்டார். அவர் மறுத்ததை நாம் மீண்டும் எடுத்து ஒரு பெண்ணின் தலையில் வைக்கலாமா?

‘ஒட்டிக்கொள்ளும், தட்டையும் டம்ளரையும் தனியாக வை’ என்பது மற்றொரு குரல். புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோயன்று. நம் மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லுகிறார்களே, அந்தக் கதிர்வீச்சு வெளியிலிருந்து செலுத்தப்படும்போது உடலில் தங்குவதில்லை. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் தாய் தன் குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது குரல், மருந்தை நிறுத்தச் சொல்லுவது. முள்சீத்தா இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதும் என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்புவார். ‘விசுவாசமிருந்தால் ஊசி எதற்கு?’ என்று இன்னொருவர் ஜெபக் கூட்டத்துக்கு அழைப்பார். பாதியில் நிறுத்திய சிகிச்சையால் நோய் முற்றி, காலம் கடந்தபின் மீண்டும் மருத்துவமனை வாசலில் நிற்பவர்கள் உண்டு. மருத்துவரை மதிக்கக் கற்பிக்கும் சீராக் ஆகமம் நம் விவிலியத்தில்தான் இருக்கிறது. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளுங்கள், குறித்த நாளில் கீமோவுக்கும் போங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையன்று.

கைகளால் செய்யும் அன்பு

அறுவை, கதிர்வீச்சு, கீமோ ஆகிய மூன்றில் எது முதலில், எது பின்னர், எவருக்கு எது தேவையில்லை என்பதை மருத்துவர்களே முடிவு செய்வார்கள். கணவன் செய்யக்கூடிய வேலைகள் வேறு. அவற்றுள் சிலவற்றைக் குறிப்பிடுகிறோம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள், சொல்லப்பட்ட பதில்கள், மருந்தின் பெயர், அடுத்து வர வேண்டிய நாள் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். அச்சத்தில் இருக்கும் மனம் பாதியைக் கேட்கும், கேட்டதிலும் பாதியை மறக்கும்.

ஒரு வெப்பமானியும் வாங்கி வையுங்கள். கீமோ பெரும்பாலும் மூன்று வாரங்களுக்கு ஒரு முறை அளிக்கப்படுகிறது. சிலருக்கு வாரந்தோறும் உண்டு. மருந்து ஏறிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையில் பொதுவாக இரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. உயிரைக் காக்கும் செய்தி என்பதால் இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாய் புண்ணாகி மிளகாய் பட்டாலே கண்ணீர் வரும் நாட்கள் உண்டு. அந்நாட்களில் குழைந்த சாதமும் தயிரும், காரமில்லாத பருப்பும், ஊறவைத்த இட்லியும் போதும். சமைக்கத் தெரியாது என்று சொல்லாதீர்கள். உலை வைப்பதும் பருப்பு வேக வைப்பதும் ஒரு வாரத்தில் கற்கக்கூடியவை. தாளிக்கும் வாடையே அவளுக்குக் குமட்டலாம். ஆகவே அவள் அடுப்படியை விட்டு விலகியிருப்பதே நல்லது.

மார்பக அறுவையின்போது அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களும் அகற்றப்பட்டிருந்தால், அந்தப் பக்கத்துக் கை பின்னாளில் வீங்கக்கூடும். சொல்லிக் கொடுத்த பயிற்சிகளைச் செய்ய அவளை ஊக்கப்படுத்துங்கள். தெருக்குழாயிலிருந்து குடம் தூக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆம்பளை குடம் தூக்குகிறான்’ என்று தெரு சிரித்தால் சிரிக்கட்டும்.

பணம் பெருங்கவலை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், குறிப்பிட்ட வருமான வரம்புக்குட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழியுண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையும் இதில் அடங்கும். குடும்ப அட்டையோடும் வருமானச் சான்றோடும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குச் செல்லுங்கள். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு இரயிலில் படுக்கை வகுப்பில் கட்டணமில்லை. உடன் செல்பவருக்கும் 75 விழுக்காடு சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை மருத்துவமனையில் கேட்டுப் பெறலாம். நிலத்தை அடகு வைக்குமுன் இவற்றையெல்லாம் விசாரியுங்கள்.

தலைமுடியும் தழும்பும்

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பல கீமோ மருந்துகளால், முதல் ஊசிக்குப்பின் இரண்டு மூன்று வாரங்களில் தலைமுடி கொத்தாக உதிரும். சிகிச்சை முடிந்தபின் மீண்டும் வளரும் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். எனினும் தலையணையில் கிடக்கும் முடியைக் கண்டு கலங்காத பெண் யார்? அறுவைக்குப்பின் பலர் விளக்கை அணைத்துவிட்டே உடை மாற்றுகிறார்கள். கண்ணாடியைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். இனித் தம்மை மனைவியாக மதிப்பாரா என்ற கேள்வி அவர்களுக்குள் ஓடிக்கொண்டேயிருக்கிறது. அவர்கள் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை.

நம் பங்கில் ஒருவர், கட்டட வேலை செய்பவர், பேச்சு மிகக் குறைவு. மனைவியின் காயத்துக்குக் கட்டு மாற்றச் செவிலியிடம் கற்றுக்கொண்டு, நாள்தோறும் மாலையில் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அவரே மாற்றினார். ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த அம்மாள் நம்மிடம் சொன்னது இது: “சாமி, அவர் முகத்தைச் சுளிக்கவேயில்லை.” அவர்களுக்கு அதுவே போதுமானதாயிருந்தது.

உடலுறவைப் பற்றிய ஐயங்களை வெட்கப்படாமல் மருத்துவரிடம் கேட்கலாம். அவள் தயாராகும் வரையில் பொறுத்திருப்பதும், அதே வேளையில் தொடாமலே விலகிப் போய்விடாதிருப்பதும் கணவனின் கடமை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு எந்தச் சிகிச்சையும் தடையன்று.

துணை நிற்பவருக்கும் துணை

கணவனும் மனிதனே. பகலில் வேலை, மாலையில் மருத்துவமனை, இரவில் கண்விழிப்பு என்று மாதங்கள் ஓடும்போது அவனும் தளர்ந்துபோகிறான். சிலர் அத்தளர்ச்சியை மதுக்கடையில் ஆற்றிக்கொள்ளப் பார்க்கிறார்கள். அந்தப் பணமும் அந்த இரவும் நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டவை. மனத்தைத் திறந்து பேச ஒரு நண்பரையோ, அண்ணனையோ, பங்குக் குருவையோ தேடிக்கொள்ளுங்கள். அழுவது ஆண்மைக்கு இழுக்கன்று. இலாசரின் கல்லறையருகில் ஆண்டவரே கண்ணீர் விட்டார்.

சிகிச்சை முடிந்த அன்று எல்லாம் முடிந்துவிட்டதென்று வீட்டார் நினைப்பார்கள். சிலருக்கு ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ நாள்தோறும் மாத்திரை தொடரும். ஒவ்வொரு மறுபரிசோதனைக்கும் முந்திய இரவு உறக்கம் வராது. அந்த இரவுகளிலும் அவளுக்குத் துணை தேவை.

பங்கு மக்களுக்கும் ஒரு சொல். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாட்கள் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் அவருக்குத் துன்பமாயினர். நலம் விசாரிக்கக் கூட்டமாய்ப் போய், அதே நோயில் இறந்தவர்களின் கதையை எடுத்துரைக்க வேண்டாம். அன்பியத்தில் ஒரு வீட்டார் வாரத்துக்கு இருமுறை சோறு கொடுத்தனுப்புங்கள். ஒருவர் மருத்துவமனை வரிசையில் முறை மாற்றி நில்லுங்கள். ஒருவர் அவ்வீட்டுப் பிள்ளையின் படிப்பைக் கவனியுங்கள்.

அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை தோன்றிய வரலாறும் இதையே சொல்லுகிறது. தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், அத்துயரை மறக்காமல் பல ஆண்டுகள் உழைத்து, 1954-இல் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார்கள். 1955-இல் அங்கு வந்த டாக்டர் சாந்தா அவர்கள், 2021-இல் மறையும் வரை அம்மருத்துவமனைக்கே வாழ்ந்தார்கள். ஒருத்தியின் துன்பத்தை இன்னொருத்தி தன்னுடையதாக்கிக்கொண்டதால் இத்தனை பேர் நலம் பெற்றிருக்கிறார்கள்.

இறுதியாக, நோயில் பூசுதலைப் பற்றி. குருவானவர் எண்ணெயோடு வந்தால் சாவு நிச்சயம் என்ற அச்சத்தில் பல குடும்பங்கள் நம்மை அழைப்பதேயில்லை. ‘அவஸ்தைப் பூசுதல்’ என்ற பழைய பெயர் தந்த அச்சம் அது. அது மரணத் தறுவாயில் இருப்போர்க்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தெளிவுபடுத்தியது. புதிய சடங்கு முறை 1972-இல் வந்தது. பெரிய அறுவைக்கு முன் இதைப் பெறலாம். நோய் கடுமையானால் மீண்டும் பெறலாம். அழைக்கும்போது கணவனும் பிள்ளைகளும் சுற்றி நில்லுங்கள். பீடத்தின் முன் சொன்ன அச்சொல்லை அவள் கட்டிலருகில் நின்று மீண்டும் ஒரு முறை சொல்லுங்கள். இம்முறை அதன் பொருள் இருவருக்கும் தெரிந்திருக்கும்.

நோயுற்றோரையும் அவர்களோடு விழித்திருப்போரையும் ஆண்டவர் காப்பாராக.