ஆட்சேபணைக்கு அன்றே உத்தரவு வேண்டும்

2024 ஜூலை 1-க்குப் பிறகு பதிவான வழக்குகள் சாட்சி விசாரணைக்கு வரத் தொடங்கிவிட்டன. பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி-யோடு பழகியவர்களுக்குப் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63(4) இரண்டு சுமைகளைக் கூட்டியிருக்கிறது: சான்றிதழின் ஏ பகுதியோடு நிபுணர் கையெழுத்திடும் பி பகுதி, இரண்டிலும் ஹாஷ் மதிப்பு. மின்னணுப் பதிவை ஏற்புக்காக முன்வைக்கும் ஒவ்வொரு முறையும் சான்றிதழ் கூடவே வர வேண்டும். அந்த நிபுணர் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79ஏ-இன்படி அறிவிக்கப்பட்டவர்தானா என்ற வாதம் இருக்கிறது. கணினி தெரிந்த காவலர் ஒருவர் கையெழுத்திட்டால் போதும் என்ற விளக்கத்தை இந்த இதழ் ஏற்கவில்லை. அட்டவணைப் படிவத்தில் ஹாஷ் கணக்கிடும் எம்டி5, எஸ்எச்ஏ1 முறைகள் இரண்டுக்கும் கட்டம் போட்டிருக்கிறார்கள். வேறுவேறு கோப்புகளுக்கு ஒரே மதிப்பை வரவழைக்க முடியும் என்று முன்னதில் 2004-லும் பின்னதில் 2017-லும் காட்டியாகிவிட்டது. எஸ்எச்ஏ256 கட்டம் காலியாக இருந்தால் குறுக்கு விசாரணையில் அதை விடாமல் கேளுங்கள்.

படிவத்தை நிரப்புவது அரசுத் தரப்பின் கவலை. அதில் குறை இருந்தால் என்ன செய்வது என்பது நம் கவலை. சோனு வழக்கில் (2017) உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கும்: சான்றிதழ் இல்லை என்பது நிரூபிக்கும் முறை பற்றிய ஆட்சேபணை, ஆவணம் குறியீடு செய்யப்படும்போதே எழுப்பியாக வேண்டும், மேல்முறையீட்டில் முதன்முறையாக எழுப்ப முடியாது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆர்.வி.இ. வெங்கடாசல கவுண்டர் வழக்கில் (2003) போட்ட அடித்தளம் அது. உரிய நேரத்தில் எழுப்பினால் எதிர்த்தரப்பு குறையைச் சரிசெய்துகொள்ளலாம், நீதிமன்றமும் அங்கேயே முடிவெடுக்கலாம் என்பதுதான் அதன் நியாயம். இறுதி வாதத்துக்கென்று ஆட்சேபணையைப் பதுக்கி வைக்கும் உத்தியை 63(4) வழக்குகளில் யாரும் நம்ப வேண்டாம். அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்புக்குப் (2020) பிறகு, விசாரணை முடிவதற்குள் சான்றிதழைக் கொண்டுவர வழி திறந்தே இருக்கிறது.

ஆக, எழுப்பு என்கிறது சட்டம். எழுப்பினால் நடப்பது என்ன? புலன் விசாரணை அதிகாரி கூண்டில் நிற்கிறார். சிசிடிவி பதிவு அடங்கிய பென் டிரைவ் உறையிலிருந்து எடுக்கப்படுகிறது. ஏ பகுதியில் டிவிஆர் கருவியின் வரிசை எண் இல்லை. பி பகுதியே இல்லை. எதிரி தரப்பு வழக்கறிஞர் எழுகிறார். “நோட் பண்ணிக்கிறேன் சார், ஆர்க்யுமென்ட்ல பாத்துக்கலாம்” என்கிறார் நீதிபதி. ‘ஆட்சேபணைக்கு உட்பட்டு’ என்று தட்டச்சாகிறது. அடுத்த நிமிடம் மானிட்டரில் காட்சி ஓடுகிறது. ஏற்கத்தக்கதா என்று இன்னும் முடிவாகாத ஒன்றை, முடிவு செய்ய வேண்டியவரே பார்த்தாகிவிட்டது.

அந்த வழக்கறிஞரின் நிலையைப் பாருங்கள். அந்தப் பதிவு சாட்சியத்தில் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்று வைத்துக் குறுக்கு விசாரணை செய்தால், அரசுத் தரப்பு விட்ட ஓட்டைகளைத் தன் கேள்விகளாலேயே அடைத்துக் கொடுப்பார். இல்லை என்று நம்பிக் கேட்காமல் விட்டால், தீர்ப்பில் ‘இந்தச் சாட்சியம் மறுக்கப்படவில்லை’ என்று ஒரு வரி வரும். கட்சிக்காரரின் விடுதலை தொங்கும் இந்த முடிவை அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு எடுக்க வேண்டியிருக்கிறது. இதற்கிடையில் நீதிபதி மாறிவிடுவார். அடுத்து வந்தவர் எழுதும் தீர்ப்பில் ஆவணம் பட்டியலில் இருக்கும். ஆட்சேபணை பற்றி ஒரு வார்த்தை இருக்காது. மேல்முறையீட்டுக்குப் போனால், தவறாக ஏற்ற சாட்சியத்தை நீக்கினாலும் மற்றவை போதும் என்று பாரதிய சாட்சிய சட்டத்தின் 169-ஆம் பிரிவைக் காட்டுவார்கள்.

இந்த வழக்கத்துக்கு மூலம் பிபின் சாந்திலால் பஞ்சால் தீர்ப்பு (2001). ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் விசாரணை நின்றுபோகக் கூடாது என்பதற்காக, முத்திரைக் கட்டணம் பற்றியதைத் தவிர மற்றவற்றை இறுதிக்கு ஒத்திவைக்கச் சொன்னது. அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. ஆனால் 2021 ஏப்ரல் 20-இல் குற்றவியல் விசாரணைக் குறைபாடுகள் பற்றி உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து எடுத்த வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, கேள்விகள் மீதான ஆட்சேபணைகளில் பஞ்சால் வழிமுறையைக் கட்டுப்படுத்துவதாகக் கொள்ள வேண்டாம் என்றது. ஆட்சேபணை வாக்குமூலத்திலேயே பதியப்பட வேண்டும். உடனே, இல்லையேல் அந்தச் சாட்சியின் விசாரணை முடியும்போதாவது முடிவு செய்யப்பட வேண்டும் என்று அந்தத் தீர்ப்போடு இணைந்த வரைவு விதிகளும் கூறின. அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர உயர் நீதிமன்றங்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது.

ஆறு மாதம் எப்போதோ கடந்துவிட்டது. மாவட்ட நீதிமன்றங்களில் இன்றும் பஞ்சால்தான் ஆட்சி செய்கிறது. இதற்காக விசாரணை நீதிபதிகளை மட்டும் குறை சொல்ல இந்த இதழுக்கு மனமில்லை. மாதம் எத்தனை வழக்கு முடித்தாய் என்று யூனிட் கணக்குக் கேட்கிறார்கள். ஆட்சேபணைக்குக் காரணத்தோடு உத்தரவு எழுதினாயா என்று யாரும் கேட்பதில்லை. சுருக்கெழுத்தர் பணியிடத்தைக் காலியாக வைத்துவிட்டு, ஒரே தட்டச்சரிடம் வாக்குமூலத்தையும் அன்றாட உத்தரவையும் ஒப்படைக்கிறார்கள். மூன்று புதிய குற்றவியல் சட்டங்களுக்கும் ஊர் ஊராகப் பயிலரங்கு நடத்தத் தெரிந்த நிர்வாகத்துக்கு, உச்ச நீதிமன்றம் சொன்ன இந்த ஒன்றை ஆய்வுக் குறிப்பில் ஒரு கேள்வியாகச் சேர்க்க மட்டும் நேரம் கிடைக்கவில்லை. சான்றிதழில் ஒரு கையெழுத்துக் கூடினாலும் குறைந்தாலும் சிறைக்குப் போகிறவர் நம் கட்சிக்காரர். அந்தக் கேள்வியைச் சேர்க்காதவர்களுக்கு எந்த நட்டமும் இல்லை.

உயர் நீதிமன்றம் செயல்படும் வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். ஆட்சேபணையை வாயால் சொல்லி அமராதீர்கள். எந்தப் பிரிவு, படிவத்தின் எந்தப் பகுதியில் எந்தக் குறை, குறியீடு செய்யக் கூடாது என்பதா, சான்றிதழ் வரும் வரை ஒத்திவைக்க வேண்டும் என்பதா என்று ஒரு பக்க மெமோவாக எழுதி, 2021 தீர்ப்பைச் சுட்டி, சாட்சி கூண்டில் இருக்கும்போதே கொடுங்கள். காட்சியைத் திரையிடுவதற்கு முன் உத்தரவு கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் வாக்குமூலத்தில் பதியச் சொல்லுங்கள். பதியாவிட்டால் அன்று மாலைக்குள் இரண்டாவது மெமோ கோப்பில் சேர வேண்டும்.