பேரெண்ணும் நம் வகுப்பறையும்

6746328388800 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் மிரளுவார்கள். 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் இராமானுஜன் வெளியிட்ட பட்டியலின் கடைசி எண் அது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைக் கொண்ட எண்களை அவர் தனி இனமாக வகுத்து ஆராய்ந்தார். கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியதும் இந்த ஆய்வுக்காகவே. இத்தகைய எண்களைப் புல்மோட்டைப் பள்ளிக்கூடங்களின் வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே என் வாதம். பொதுக் காரணிகளுள் பெரியதையும் (பொ.கா.பெ.) பொது மடங்குகளுள் சிறியதையும் (பொ.ம.சி.) கண்டதோடு முதன்மைக் காரணிகளைக் கைவிடுவது, வாசல்வரை பிள்ளைகளை அழைத்துச் சென்று கதவைச் சாத்துவதற்குச் சமம்.

அந்த எண்ணை முதன்மைக் காரணிகளாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5உம் 7உம் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை தலா ஒரு முறையும் வரும். ஒவ்வொரு சுட்டியோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் கிடைப்பது 10080. அத்தனை காரணிகள் அதற்கு உண்டு. சுட்டிகள் இடமிருந்து வலமாக ஏறவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எங்காவது ஏறியிருந்தால், அந்த இரு சுட்டிகளையும் இடம் மாற்றி, அதே அளவு காரணிகளுடன் இன்னும் சிறிய எண்ணைப் பெற்றுவிடலாம். தரம் பத்து மாணவி ஒருத்தி தானே எழுதக்கூடிய நிறுவல் இது. இன்னொன்றும் உண்டு. இராமானுஜனின் பட்டியலில் 293318625600 விடுபட்டுப்போனது. அதை 23ஆல் பெருக்கினால் அவருடைய கடைசி எண் வந்துவிடும். மேதையின் பட்டியலையும் சரிபார்க்கலாம் என்று ஒரு பிள்ளை அறிவது எவ்வளவு பெரிய கல்வி!

இதனால் என்ன பயன் என்று பெற்றோர் கேட்பது நியாயமே. நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை: மூன்றுமே இந்த இனத்தைச் சேர்ந்தவை, பல விதமாகப் பங்கிட வசதியானவை. பேரெண்களைக் காரணிப்படுத்துவது கடினம் என்பதை நம்பியே இணையப் பரிமாற்றங்களைக் காக்கும் குறியாக்க முறைகள் சில இயங்குகின்றன. கணினி நொடியில் செய்யும் வேலையைப் பிள்ளை ஏன் செய்ய வேண்டும் என்றும் கேட்கலாம். கணினி விடையைத் தரும். எந்தக் கேள்வியைக் கேட்பது, விடை ஏன் அப்படி அமைகிறது என்பதை மாணவர்தான் சிந்திக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு நேரம் போதாது என்ற கவலைக்கும் பதில் உண்டு: சுட்டியும் காரணியும் பாடத்திட்டத்தில் இருப்பவைதான், இந்தப் பயிற்சி அவற்றை உறுதியாக்கும்.

நம் கரையின் கனிய மணலிலிருந்து இல்மனைட்டையும் ரூட்டைலையும் சிர்கோனையும் பிரிக்க ஆலையும் இயந்திரமும் தேவை. எண்ணைப் பிரிக்கத் தாளும் பென்சிலும் போதும். கொழும்பில் படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் அதே எண்கள்தான் புல்மோட்டைப் பிள்ளைக்கும் கிடைக்கின்றன. வாரத்துக்கு ஒரு பாடவேளையை அவற்றுக்கு ஒதுக்க அதிபர்களும் கணித ஆசிரியர்களும் முன்வர வேண்டும்.